அம்மாவின் எலும்பு யாருடைய கணக்கில் குறைகிறது?

போன மாரியில் எங்களில் ஒருத்தியின் அம்மா வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் குளியலறையில் வழுக்கி விழுந்தா. பெரிய விழுகை ஒன்றும் இல்லை. கையை ஊன்றினா, அவ்வளவுதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. எக்ஸ்றேயைப் பார்த்த டொக்டர், "இந்தச் சின்ன விழுகைக்கு இப்பிடி முறியக்கூடாது. எலும்பு மெலிஞ்சு போயிருக்கு" என்றார். பிளாஸ்டர் போட்டு, கல்சியம் குளிசையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு வயது 56. மாதவிடாய் நின்று ஏழு வருஷம்.

அடுத்த இரண்டு கிழமையும் வீட்டுக்கு வந்த எல்லாரும் கையில் பிஸ்கற் பக்கற்றும் வாயில் ஆலோசனையும் கொண்டுவந்தார்கள். "யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்பு. இந்தக் கொழும்புப் பைப் தண்ணிதான் எலும்பைக் கரைச்சுப் போட்டுது" என்றா மாமி. "மினரல் வாட்டர் கான் ஒண்டு கிழமைக்குக் கிழமை எடுப்பியுங்கோ" என்றார் பெரியப்பா. பக்கத்து வீட்டு அக்கா, சிரித்தபடி படியேறும் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட பால்மா டின் ஒன்றை நீட்டினா. வட்ஸப்பில் எள்ளும் வெந்தயமும் வந்து குவிந்தன.

ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. இந்த ஏழு வருஷமும் அம்மா என்ன சாப்பிட்டா?

கல்கிசையில் நாங்கள் கூடிக் கதைக்கிற அறையில் அந்தத் தோழி இதைச் சொன்னபோது முதலில் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவரும் எங்கட எங்கட அம்மாவை நினைத்துப் பார்த்தோம். பதில் தெரியவில்லை. அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். தம்பிக்கு எந்த மீன் ஒத்துவராது என்று தெரியும். அம்மாவின் பிளேட்டில் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியவில்லை. ஏனென்றால் அவ சாப்பிடும்போது நாங்கள் மேசையில் இருப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் இருந்து வருகிறது. சாப்பாடும் தண்ணியும் மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்புக்கு உதவும். எவ்வளவு உதவும் என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உண்மையை எடுத்து, "அம்மா, நீங்கள் உங்களைக் கவனிக்கேல்ல" என்று அவவின் தலையிலேயே திருப்பிப் போடுகிற பழக்கத்தை நாங்கள் மறுக்கிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது

எலும்பு காய்ந்த கட்டை மாதிரி ஒருமுறை வளர்ந்து நிற்கிற பொருள் கிடையாது. ஒவ்வொரு நாளும் பழைய எலும்பை அரித்து எடுக்கிற கலங்களும், புதிதாகக் கட்டுகிற கலங்களும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் ஓமோன் அந்த அரிக்கிற கலங்களுக்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது. 50 வயதை ஒட்டி மாதவிடாய் நிற்கும்போது அந்தக் கடிவாளம் கழன்று விழுகிறது. அரிப்பு கூடுகிறது. கட்டுகிற வேலையும் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் அரிப்பின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு வருஷத்துக்குள் சில பெண்கள் எலும்பின் 20 சதவீதம் வரை இழந்துவிடுகிறார்கள். அதோடு குடல் கல்சியத்தை உறிஞ்சுவதும் குறைகிறது, சிறுநீரில் போவதும் கூடுகிறது. உள்ளே வருவது குறைந்து வெளியே போவது கூடினால் பாஸ்புத்தகத்துக்கு என்ன நடக்குமோ, எலும்புக்கும் அதுதான்.

இதில் நோ இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. "நாரி நோகுது" என்று அவ சொல்லியிருப்பா, சித்தாலேப பூசிவிட்டுப் போயிருப்போம். உயரம் ஓர் அங்குலம் குறைந்திருக்கும், சாறி கட்டும்போது அவவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். மணிக்கட்டு, முள்ளந்தண்டு, இடுப்பு என்று ஏதாவது ஒன்று முறிகிற அன்றைக்குத்தான் வீடு விழிக்கிறது.

கர்ப்பப்பை எடுக்கும்போது சூலகங்களையும் சேர்த்து எடுத்த பெண்களுக்கு இது இன்னும் மோசம். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைவதில்லை, ஒரே நாளில் போகிறது. 40 வயதிலோ 42 வயதிலோ அந்தச் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் எலும்பின் கடிகாரமும் அன்றைக்கே ஓடத் தொடங்கியிருக்கும். "அது எடுத்தாச்சு, இனிக் கரைச்சல் இல்லை" என்று சொல்லி முடித்த எத்தனை வீடுகளில், சூலகமும் போனதா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறோம்?

ஒரு நாளின் கணக்கு

50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் வேணும் என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட அளவு. உலக சுகாதார நிறுவனமும் ஐநா உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து வைத்த அளவு 1300. எங்கட வீடுகளின் சாதாரண நாள் ஒன்றை எடுத்து இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

விடிய ஒரு பிளேன் டீ. கல்சியம் இல்லை என்றே சொல்லலாம். காலையில் இடியப்பமும் சொதியும், இல்லாவிட்டால் பாணும் சம்பலும். சொதி வெள்ளையாக இருக்கிறது, பெயரிலும் 'பால்' இருக்கிறது. ஆனால் தேங்காய்ப்பாலில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் கல்சியம்கூடத் தேறாது. எங்கட சமையல் முழுக்க இந்த வெள்ளை நிறம் எங்களை ஏமாற்றுகிறது. மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு கறி. அவித்த பருப்பில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. பின்னேரம் இரண்டு கரண்டி பால்மா போட்ட தேத்தண்ணி. அது 10 கிராம் பால்மா என்று வைத்தால் 90 மில்லிகிராம். இரவு பிட்டு, மத்தியானக் கறியின் மிச்சம். எல்லாவற்றையும் கூட்டினால் தேவையில் பாதி கிடைப்பதே கஷ்டம்.

இனி இதே நாளில் யார் எதைச் சாப்பிட்டார் என்று பார்ப்போம். மீனின் நடுத்துண்டு அப்பாவுக்கு. தயிர் வாங்கினால் பிள்ளைகளுக்கு. முட்டை பரீட்சை எடுக்கிற தம்பிக்கு. சட்டியில் ஒட்டியிருக்கிற குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, குசினியில் நின்றபடி சாப்பிடுகிறது அம்மா. வெள்ளி விரதம், சஷ்டி விரதம், கௌரி விரதம் என்று அவவின் கலண்டர் தனி. அப்பா இறந்த பிறகு மீனையே விட்ட அம்மம்மாவை நாங்கள் "பக்தி" என்று சொல்லிப் பெருமைப்பட்டோம். 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மா பக்கற் 2022 மார்ச்சில் 790 ரூபா ஆனபோது, எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் முதலில் பிளேன் டீக்கு மாறினார். உங்கட வீட்டில் அது யார்? எங்கட வீடுகளில் அது யார் என்று எங்களுக்கு இப்போது நினைவு வருகிறது.

எலும்பு 50 வயதில் திடீரென்று வறுமைப்படுவதில்லை. ஏறத்தாழ 30 வயது வரைக்கும்தான் அதில் சேமிக்கலாம். பெரியபிள்ளையான நாளில் இருந்து "பொம்பிளப் பிள்ளைக்குக் காணும்" என்று அளந்து வைத்த சோற்றுக்கும், 56 வயதில் குளியலறையில் முறிந்த மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு நேர்கோடு இருக்கிறது. மெனோபோஸ் அந்தக் கோட்டின் கடைசிப் பகுதி மட்டுமே.

தண்ணியைப் பற்றி இரண்டு கதை

தண்ணிக்கு வருவோம். மாமி சொன்ன யாழ்ப்பாணக் கிணற்றுக் கதையும், பெரியப்பா சொன்ன மினரல் வாட்டர் கதையும் பாதி உண்மை, பாதி பிழை.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால் இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அங்கே சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலின் அடியில் வெள்ளைக் கட்டி படியும். கொழும்பின் தண்ணியில் பெரும்பகுதி அம்பத்தலேயில் களனி கங்கையில் இருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வருகிறது. மழை கொட்டுகிற, சுண்ணாம்புக்கல் இல்லாத மலைப்பகுதித் தண்ணி. அது மென்னீர், கல்சியம் குறைவு. ஆக, வெள்ளவத்தையில் குடிக்கிற தண்ணிக்கும் கோண்டாவிலில் குடித்த தண்ணிக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று மாமி சொன்னது சரி. ஆனால் கொழும்புத் தண்ணி எலும்பைக் கரைக்கவில்லை. அது கொண்டுவந்து தருவது குறைவு, அவ்வளவுதான்.

தண்ணியில் இருக்கிற கல்சியம் உடம்பில் சேருமா? சேரும், பாலில் இருப்பது போலவே நன்றாகச் சேரும். 2005இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், உணவில் கல்சியம் குறைவாக எடுத்துவந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லீற்றருக்கு 596 மில்லிகிராம் கல்சியம் உள்ள தண்ணியை நாளுக்கு ஒரு லீற்றர் வீதம் ஆறு மாதம் கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்குக் கல்சியம் மிகக் குறைந்த தண்ணி. கல்சியத் தண்ணி குடித்தவர்களின் இரத்தத்தில் எலும்பு அரிப்பைக் காட்டும் குறியீடு ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. எலும்பில் இருந்து கல்சியத்தை எடுக்கச் சொல்கிற பரதைரொயிட் ஓமோனும் ஏறத்தாழ 14 சதவீதம் இறங்கியது. இது சின்ன விஷயம் இல்லை. தண்ணியில் கலோரி இல்லை, சீனி வருத்தக்காரரும் பால் ஒத்துவராதவரும் குடிக்கலாம். ஆனால் கவனியுங்கோ: அந்த ஆய்வு அளந்தது இரத்தத்தில் உள்ள குறியீடுகளை. யாருடைய எலும்பு முறியாமல் தப்பியது என்று அது அளக்கவில்லை.

இப்போது பெரியப்பாவின் கான். 'மினரல் வாட்டர்' என்று நாங்கள் கடையில் கேட்பது எங்கட பேச்சில் போத்தல் தண்ணி என்பதற்கு இன்னொரு பெயர், அவ்வளவே. பெயரில் மினரல் இருந்தால் உள்ளே இருக்க வேணும் என்று இல்லை. பிரான்சிலேயே கொன்ட்ரெக்ஸ் என்ற போத்தலில் லீற்றருக்கு 450 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம், வொல்விக் என்ற போத்தலில் 12 மில்லிகிராம் அளவில். இரண்டுமே மினரல் வாட்டர்தான். முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். எங்கட கடைப் போத்தலின் லேபலில் கல்சியம் எவ்வளவு என்று போட்டிருந்தால் வாசியுங்கோ. போடவில்லை என்றால் 'மினரல்' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதேங்கோ.

ஒரு சின்னக் கணக்கு. லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் உள்ள வன்னீரை இரண்டு லீற்றர் குடித்தால் 200 மில்லிகிராம், அதாவது 1200இல் ஆறில் ஒரு பங்கு. பொருட்படுத்த வேண்டிய பங்குதான், ஆனால் மிச்சம் ஐந்து பங்கு பிளேட்டில் இருந்துதான் வரவேணும். அந்த வன்னீரையும் கொதிக்கவைத்து ஆறவிட்டால் ஒரு பகுதி கல்சியம் காபனேற்றாகக் கேத்திலில் படிந்துவிடும். நாங்கள் சுரண்டி எறிகிற அந்த வெள்ளைக் கட்டி அதுதான். அதுக்காகக் கொதிக்காத கிணற்றுத் தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. கிருமி இன்றைக்கே கொல்லும், எலும்பு பத்து வருஷம் பொறுக்கும்.

கனியுப்பு என்றால் எல்லாம் நல்லதா?

"பழைய தண்ணி நல்ல தண்ணி" என்று ஏங்குகிறவர்களுக்கு இன்னொரு ஊரைக் காட்ட வேணும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கக் கிணறுகளிலும் கனியுப்பு நிறைய இருக்கிறது. அதில் புளோரைட்டும் சேர்ந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணியைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. இன்னும் கூடிய அளவில் வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பே கெட்டுப்போகும்.

புளோரைட் எலும்பைத் தடிப்பாக்கும் என்பதால் ஒரு காலத்தில் அதையே மருந்தாக்கிப் பார்த்தார்கள். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒஸ்டியோபொரோசிஸ் இருந்த 202 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நான்கு வருஷம் புளோரைட் கொடுத்தார்கள். முள்ளந்தண்டின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முள்ளந்தண்டு முறிவு குறையவில்லை, மற்ற இடங்களின் முறிவு கூடியது. ஸ்கானில் தடித்த எலும்பு, உண்மையில் நொறுங்கும் எலும்பு. 'மினரல் நிறைந்த தண்ணி' என்று யாராவது சொன்னால், எந்த மினரல், எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்டாதேங்கோ.

யாழ்ப்பாணத்துக்கும் இது பொருந்தும். அந்தக் கிணறுகளில் இன்றைக்குக் கல்சியம் மட்டும் இல்லை. தோட்டத்துப் பசளையில் இருந்தும் மலக்குழிகளில் இருந்தும் இறங்கிய நைத்திரேற்றும் இருக்கிறது. 2014, 2015 காலத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே ஆட்கள் ஆர்ஓ தண்ணி வாங்குவதைக் குறை சொல்ல மாட்டோம். வடமத்திய மாகாணத்தில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர்களுக்கு ஆர்ஓ இயந்திரம் வந்ததையும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஆர்ஓ சவ்வு நஞ்சை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. கல்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. உடம்பின் மக்னீசியத்தில் பாதிக்கு மேல் இருப்பது எலும்பில். உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே குடிநீரின் கல்சியம், மக்னீசியம் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டது. எடுத்ததைத் திருப்பிப் போடுகிற தொழில்நுட்பமும் இருக்கிறது: சுண்ணாம்புக்கல் படுக்கை ஒன்றின் ஊடாகத் தண்ணியை விட்டாலே ஒரு பகுதி திரும்பி வரும். தண்ணியில் இருந்து கல்சியத்தைக் காசு கொடுத்து எடுத்துவிட்டு, அதே கல்சியத்தைக் குளிசையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். இரண்டு தரமும் காசு போவது எங்கட பையில் இருந்துதான்.

குளிசை போட்டால் முடிந்ததா?

குளிசை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், டொக்டர் சொன்னால் எடுக்கத்தான் வேணும். ஆனால் குளிசை ஒரு வீட்டின் மனச்சாட்சிக்குப் போடுகிற பிளாஸ்டர் ஆகக்கூடாது. அமெரிக்காவில் 36,282 பெண்களை வைத்து நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வில், கல்சியமும் விற்றமின் டியும் குளிசையாக எடுத்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி ஒரு சதவீதம் அளவில் கூடியது. இடுப்பு முறிவு தெளிவாகச் சொல்லக்கூடிய அளவுக்குக் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது.

"அப்ப கல்சியம் எண்டாலே கல்லுத்தானே?" என்று கேட்பார்கள். உணவில் வரும் கல்சியம் அப்படி இல்லை. அது குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்து வெளியே அனுப்பிவிடுவதால், உணவில் கல்சியம் கூட எடுத்தவர்களுக்குக் கல் குறைவாக வந்ததை 1990களின் ஆய்வுகள் காட்டின. அதனால்தான் முதலில் பிளேட்டைப் பார்க்கச் சொல்கிறோம்.

அந்தப் பிளேட்டுக்கு வெளிநாட்டு டின் தேவையில்லை. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடலாம், உப்பை நன்றாகக் கழுவிவிட்டு. உப்பு கூடினால் சிறுநீரோடு கல்சியமும் போகும். டின்மீன் கறி வைக்கும்போது அந்த மெதுவான நடுமுள்ளை எடுத்து எறிகிறீர்களே, கல்சியம் இருப்பதே அதில்தான். முள்ளோடு சேர்த்தால் 100 கிராமில் 240 மில்லிகிராம் அளவில் வரும். குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 340 அளவில். தயிர், சின்ன மீன், எள்ளு, முருங்கை இலை. பசளிக்கீரையை மட்டும் நம்பாதேங்கோ: அதில் கல்சியம் இருக்கிறது, ஆனால் ஒக்சலேற்று பிடித்து வைத்திருப்பதால் உடம்பில் சேருவது ஐந்து சதவீதம் அளவில்தான். பாலில் அது முப்பதுக்குக் கிட்ட. வெற்றிலைச் சுண்ணாம்பில் கல்சியம் இருக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னா. இருக்கிறது, பாட்டி. வாய்ப் புற்றுநோயும் அந்தத் தட்டத்திலேயே இருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேணும். ஈஸ்ட்ரோஜன் போன முதல் வருஷங்களின் அரிப்பைச் சாப்பாட்டால் மட்டும் நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். வெயில் வேணும், தொடர்மாடிக்குள் அடைந்து கிடக்கிற அம்மாமாருக்கு விற்றமின் டி எங்கே இருந்து வரும்? பாரம் தாங்குகிற நடை வேணும். கல்கிசைக் கடற்கரையில் பின்னேரம் நடக்கிற ஆண்களை எண்ணிவிட்டு அம்மாமாரை எண்ணிப் பாருங்கோ. சிலருக்கு மருந்து வேணும். ஓமோன் சிகிச்சை என்றாலே பயம், 2002இல் ஒரு பெரிய பரிசோதனை மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டது உண்மை. அதே பரிசோதனையில் இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் உண்மை. யாருக்கு எது பொருத்தம் என்பதை அந்தப் பெண்ணும் டொக்டரும் இருந்து கதைத்து முடிவெடுக்க வேணும். அந்தக் கதைக்கே எங்கட சமூகத்தில் இடமில்லை என்பதுதான் பிரச்சினை. "தீட்டு நிண்டிட்டுது" என்பதைக்கூட அடுப்படியில் குரலைத் தாழ்த்தித்தானே சொல்கிறோம்.

நாங்கள் கேட்பது

கர்ப்பிணிக்குத் திரிபோஷ இருக்கிறது. பாலூட்டும் தாய்க்கு இருக்கிறது. பிள்ளை பெறும் உடம்பாக இருக்கும்வரை பெண்ணின் உணவு அரசாங்கத்துக்கும் குடும்பத்துக்கும் கவலை. அந்த வேலை முடிந்ததும் அவவின் எலும்பு அவவின் சொந்தப் பாடு. 1996 முதல் எம்ஓஎச் பிரிவுகளில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து பார்க்கிறார்கள். நல்ல வேலை. அங்கேயே நான்கு கேள்வியைச் சேருங்கோ: மாதவிடாய் எப்போது நின்றது, சூலகம் எடுத்ததா, சின்ன விழுகையில் எலும்பு முறிந்ததா, உயரம் குறைந்ததா. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். கேட்ட பிறகு தேவையானவர்களை டெக்சா ஸ்கானுக்கு அனுப்பலாம், காசு கட்டக்கூடியவர்களுக்கு மட்டும் என்றில்லாமல்.

நீர் வழங்கல் சபை ஒவ்வொரு பகுதியின் தண்ணியிலும் கல்சியம், மக்னீசியம், புளோரைட் எவ்வளவு என்று பில்லின் பின்பக்கத்தில் போடட்டும். ஆர்ஓ தண்ணி விற்கிறவர்களும் போடட்டும், எடுத்ததைத் திருப்பிச் சேர்க்கட்டும்.

"காசு இல்லாத வீட்டில் இதெல்லாம் என்ன கதை?" என்று கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிற எங்கட தோழன் கேட்டான். சரியான கேள்வி. துறைமுகத்தில் நாட்கூலி எடுக்கிற வீட்டில் தயிரைப் பற்றிப் பாடம் எடுக்க எங்களுக்கு வாய் வராது. ஆனால் அவனே தொடர்ந்து சொன்னான்: "எங்கட வீட்டில டின்மீன் வாங்கினா முழு டின்னும் எனக்கும் அண்ணாவுக்கும். அம்மாவுக்குக் குழம்பு." காசு இல்லாதது ஒரு கணக்கு. இருக்கிறதை எப்படிப் பிரிக்கிறோம் என்பது வேறு கணக்கு. முதலாவதுக்கு அரசாங்கத்தோடு சண்டை பிடிப்போம். இரண்டாவதுக்கு இன்றைக்கு இரவே எங்கட மேசையில் தொடங்கலாம்.

மணிக்கட்டு முறிந்த அந்த அம்மாவின் பிளாஸ்டர் ஆறு கிழமையில் கழற்றியாச்சு. தோழி இப்போது அவவோடு சேர்ந்துதான் சாப்பிடுகிறாள். முதல் நாள் அம்மா எழும்பி எழும்பிக் குசினிக்கு ஓடினாவாம். "இருங்கோ, நான் எடுக்கிறன்" என்று இவள் பிடித்து இருத்தினாளாம். மீன் சட்டியைத் திறந்து நடுத்துண்டை அம்மாவின் பிளேட்டில் வைத்தபோது, "எனக்கேன் பிள்ளை, அப்பாவுக்கு வை" என்றாவாம். அப்பா ஒன்றும் பேசாமல் வால்துண்டை எடுத்துக்கொண்டாராம்.

இன்றைக்கு இரவு உங்கட வீட்டில் அந்தத் துண்டு யாருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கோ.